பண்ணையில் தங்கிப் பழகுதல்: எந்தப் பயிற்சிக்குக் காசும் நாளும் கொடுக்கலாம்?

மார்கழியில் எந்தப் பண்ணையும் அழகாகத்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் பெய்து ஓய்ந்திருக்கும். குட்டையில் தண்ணீர் நிற்கும், மூடாக்காகப் பரப்பிய சருகுக்கு அடியில் மண் ஈரமாக இருக்கும், வெயிலும் உறைக்காது. தங்கிப் பழகும் பயிற்சிகளுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆட்கள் அதிகம் சேர்வதற்கு இதுவே காரணம். மண்ணின் உண்மை நிலை தெரிவது சித்திரை, வைகாசியில். காசு கட்டிச் சேருமுன் ஏப்ரலிலோ மே மாதத்திலோ ஒரு நாள் அந்தப் பண்ணைக்குப் போய்விட்டு வாருங்கள். எந்த மரம் தழைத்து நிற்கிறது, எது காய்ந்துவிட்டது, குட்டையின் அடியில் என்ன இருக்கிறது, சமையலறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். லாரித் தண்ணீரில் ஓடும் பண்ணை நல்ல சாப்பாடு போடலாம், நல்ல ஓய்வும் தரலாம். மழையை நம்பிப் பிழைக்கும் வழியை அங்கே கற்க முடியாது.

நிரந்தர வேளாண்மை என்று நாம் சொல்லும் பெர்மாகல்ச்சரை 1970களில் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் வகுத்தார்கள். அதன் மையம் நில வடிவமைப்பு. தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே நிறுத்தலாம் என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பாதை, பிறகு மரம், பிறகு கொட்டகை, கடைசியில்தான் பாத்தி. இங்கே நடக்கும் பல பயிற்சிகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சாணம், கோமியம் கலந்த கரைசல் தயாரிப்பில் தொடங்கி கரைசல் தயாரிப்பிலேயே முடிந்துவிடுகின்றன. ஒரு பயிற்சியை எடைபோட எங்களுக்கு ஒரே அளவுகோல்தான்: வீட்டுக்குத் திரும்பும்போது உங்கள் நிலத்தின் சரிவையும் அதில் விழும் மழையையும் நீங்களே அளக்கக் கற்றிருக்கிறீர்களா?

முதலில் மூன்று நாள் பயிற்சிகள். தமிழில் நடப்பவற்றில் முதலில் சொல்ல வேண்டியது வானகம். கரூர் மாவட்டம் கடவூர் அருகே சுருமான்பட்டியில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2009இல் தொடங்கிய பண்ணை அது. அரசு வேளாண் ஆராய்ச்சி நிலைய வேலையை 1969இல் உதறிவிட்டு வந்த அவர், வளமான காவிரிக் கரையை விட்டுவிட்டு மழை குறைந்த, கல்லும் முள்ளும் நிறைந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். 2013 டிசம்பரில் அவர் மறைந்தபின் அவர் உடலை அடக்கம் செய்ததும் அங்கேதான். மானாவாரி நிலம் வைத்திருப்பவர் வறண்ட நிலத்திலேயே கற்றுக்கொள்வது பெரிய லாபம், ஏனென்றால் அங்கே பிழைக்கும் மரம் உங்கள் ஊரிலும் பிழைக்கும். பேச்சு முழுக்கத் தமிழில் என்பதால் வீட்டுப் பெரியவர்களையும் தயங்காமல் அழைத்துப் போகலாம்.

மூன்று நாளில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. கிடைப்பவை: மண்ணைப் பார்க்கும் பார்வை, மூடாக்கு, இடுபொருள் தயாரிப்பு, பலதானிய விதைப்பு, உங்களைப் போன்ற பத்து இருபது பேரின் அறிமுகம். கடைசியாகச் சொன்னதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். விதை, ஆள், பழைய டிரம், மாடு எல்லாமே பிற்பாடு அந்தத் தொடர்புகள் வழியாகத்தான் கிடைக்கும். கிடைக்காதது, உங்கள் நிலத்துக்கான வடிவமைப்பு.

கரைசல் வகுப்பு சரியாக நடக்கிறதா என்று ஜீவாமிர்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்போரத்து மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்துக் காலையும் மாலையும் குச்சியால் கலக்கி, 48 மணி நேரம் கழித்துப் பாசனத் தண்ணீரோடு ஏக்கருக்கு 200 லிட்டர் விட வேண்டும். இந்த அளவுகளை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நல்ல பயிற்றுநர் இது எங்கே கெடும் என்பதையும் சொல்வார். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நுண்ணுயிர் பெருகாது, ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். டிரம்மை இறுக மூடினால் வாயு சேர்ந்து மூடி பிதுங்கும், அதற்குச் சாக்குத்துணி போதும். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தை வாங்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் வாடை மாறும், அதன்பின் பயன் குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு: காய்ந்த, மூடாக்கு இல்லாத மண்ணில் எத்தனை டிரம் ஊற்றினாலும் அந்த உயிர்கள் பிழைக்கப் போவதில்லை. ஈரமும் மூடாக்கும் முதலில், கரைசல் பிறகுதான். இதைச் சொல்லாமல் ஐந்து வகைக் கரைசலைக் கையேட்டில் அச்சடித்துக் கொடுக்கும் வகுப்பைத் தவிர்த்துவிடலாம்.

பலதானிய விதைப்பும் அப்படியே. தானியம், பயறு, எண்ணெய்வித்து, நறுமணப் பயிர், தழையுரப் பயிர் என்று ஐந்து வகையிலும் நான்கு நான்கு சேர்த்து, ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதைத்து, 50 முதல் 60 நாளில் பூவெடுக்கும் தருணத்தில் மண்ணுக்கு உரமாகும்படி மடக்கி உழ வேண்டும். எல்லா விதையையும் ஒரே சாக்கில் கொட்டிக் கலந்தால் எள்ளும் கடுகும் அடியில் இறங்கிவிடும், வயலின் ஒரு மூலையில் கடுகு மட்டும் முளைக்கும். சிறு விதைகளை மணலோடு கலந்து தனியே தூவ வேண்டும். விதை முற்றவிட்டால் அடுத்த பயிரில் அதுவே களை. மண்ணில் ஈரம் இல்லாத நாளில் மடக்கி உழுதால் மட்காமல் சருகாகக் கிடக்கும். இவற்றைப் பண்ணையின் வயலில் காட்டுகிறார்களா, கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர். பயிற்சிக் கட்டணத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு பாடத்துக்காகவே கொடுக்கலாம். மழையைத் தேக்கும் வாய்க்காலை நிலத்தின் சம உயரக் கோட்டில்தான் வெட்ட வேண்டும். அந்தக் கோட்டை அளக்க ஏ வடிவச் சட்டம் போதும், கடையில் வாங்க வேண்டிய கருவி எதுவும் இல்லை. 2 மீட்டர் நீளச் சவுக்குக் கம்பு இரண்டு, குறுக்கே கட்ட ஒன்று, கொஞ்சம் நூல், ஒரு கல். இரு கம்புகளின் உச்சியையும் சேர்த்துக் கட்டி, கால்கள் 2 மீட்டர் அகலத்தில் நிற்கும்படி நடுவில் குறுக்குக் கம்பைப் பிணைத்து, உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிட வேண்டும். இரண்டு முளைக்குச்சிகள் மேல் சட்டத்தை நிறுத்தி, குறுக்குக் கம்பில் நூல் தொடும் இடத்தைக் கோடிடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். அதன்பின் நிலத்தில் ஒரு காலை ஊன்றி, நூல் நடுப்புள்ளியில் விழும்வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி, முளை அடித்து முளை அடித்துப் போக வேண்டும்.

இதில் தவறுவது மூன்று இடங்களில். ஒற்றை ஆணியில் பிணைத்த சட்டம் நாலு தடவை தூக்கி வைத்ததும் தளர்ந்து அளவு மாறிவிடும், அதனால் போல்ட் போட வேண்டும் அல்லது கயிறு சுற்றி இறுக்க வேண்டும். காற்றில் நூல் ஆடும், கல்லின் எடை அரைக் கிலோவாவது இருக்கட்டும். மூன்றாவது பிழைதான் பெரியது. ஒவ்வொரு அடிவைப்பிலும் ஒரே பக்கமாக 1 சென்டிமீட்டர் விலகினால் 50 அடிவைப்பில் அரை மீட்டர் விலகிவிடும். அந்த வாய்க்கால் தண்ணீரைத் தேக்காது, ஓடையாக மாறி மண்ணை அள்ளிக்கொண்டு போகும். நீண்ட கோட்டின் இரு முனைகளையும் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை. பயிற்சியில் உங்கள் கையில் சட்டத்தைக் கொடுத்து 50 மீட்டராவது முளை அடிக்கச் சொல்கிறார்களா என்பதைக் கவனியுங்கள். இருபது பேர் சுற்றி நிற்க ஒருவர் அளந்து காட்டினால் யாருக்கும் வராது.

கோடு கிடைத்த பிறகு கணக்கு. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆக 50 மில்லிமீட்டர் மழை ஒரே நாளில் கொட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் 30 விழுக்காடு மண்ணில் இறங்காமல் ஓடுகிறது என்று வைத்தால் 60,000 லிட்டர். 60 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழத்தில் வெட்டிய சமமட்ட வாய்க்கால் மீட்டருக்கு 270 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் ஏக்கருக்கு சுமார் 225 மீட்டர் வாய்க்கால் வேண்டும். சதுரமான ஓர் ஏக்கரின் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர் என்பதால், குறுக்கே மூன்று வாய்க்கால் முழுதாகவும் நான்காவது பாதியும். இந்தக் கணக்கை உங்கள் ஊர் மழை அளவை வைத்து நோட்டில் போட வைக்கும் பயிற்சி தரமானது. சேரும்போதே உங்கள் வட்டத்தின் மழை விவரத்தையும் நிலத்தின் வரைபடத்தையும் கொண்டுவரச் சொன்னால், வேலை தெரிந்தவர்களிடம்தான் வந்திருக்கிறீர்கள்.

வாய்க்காலின் கீழ்ப்புறம் போடும் கரை உடைப்பெடுப்பது மழையின் குற்றமல்ல, கலிங்கு வைக்காத குற்றம். ஏரிக்குக் கலிங்கு வைத்த ஊர்களில் இதைத் தனியே சொல்லவே வேண்டாம். கரையின் மேல்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே, அகலமாக, கல் பதித்து ஒரு வழிந்தோடும் வழி விட வேண்டும். அது கரை கொட்டிய புது மண்ணில் இருக்கக் கூடாது, உறுதியான பழைய தரையில் இருக்க வேண்டும். இன்னொன்று, எல்லா நிலத்துக்கும் வாய்க்கால் மருந்தல்ல. கரிசலில் தண்ணீர் இறங்காமல் நின்று மரத்தின் வேர் அழுகும், அங்கே அகலமான ஆழம் குறைந்த வரப்பும் பண்ணைக்குட்டையும்தான் பொருந்தும். செங்குத்தான சரிவில் வாய்க்கால் வெட்டினால் மண் சரியும்.

எந்த மண் என்று தெரிந்துகொள்ளும் சோதனைகள் இரண்டு, இரண்டும் செலவில்லாதவை. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் ஒரு சிட்டிகை சோப்புத்தூளும் போட்டுக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிடத்தில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி அடுத்த நாள்தான் படியும். அடுக்குகளை ஸ்கேலால் அளந்தால் விகிதம் வந்துவிடும். அடுத்தது, இருபுறமும் வெட்டித் திறந்த பெயிண்ட் டப்பாவை மண்ணில் 5 சென்டிமீட்டர் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, ஒரு தடவை முழுக்க இறங்கவிட்டு, இரண்டாம் தடவை ஊற்றும்போது மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பது. 30க்கு மேல் என்றால் மணற்பாங்கு, 5க்குக் கீழ் என்றால் களி. காய்ந்த மண்ணில் முதல் தடவை இறங்கும் வேகத்தை நம்பினால் களி மண்ணும் செம்மண் போலத் தெரியும். இதைச் சொல்லாமல் வெறும் குழி தோண்டி நீரூற்றிக் காட்டுவது அரைகுறைப் பாடம்.

அடுத்து, 72 மணி நேரப் பெர்மாகல்ச்சர் வடிவமைப்புச் சான்றிதழ் வகுப்பு. உலகம் முழுக்க ஒரே பாடத்திட்ட அளவு, பெரும்பாலும் இரண்டு வாரம் தங்கிப் படிப்பது. நம் பக்கத்தில் இதற்கு மதிப்புக்குரிய இடம் தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே பிடகன்னெயில் உள்ள அரண்யா. நரசண்ணா கொப்புல, பத்மா கொப்புல இணையர் 1999இல் தொடங்கிய அமைப்பு இது. மாலிசன் 1987இல் இந்தியாவுக்கு வந்து வகுப்பு எடுத்தார், தக்காணத்தின் மானாவாரி நிலங்களில் அதன் வேர் பிடித்தது. 2017இல் ஐதராபாத்தில் உலகப் பெர்மாகல்ச்சர் கூடல் நடந்தபோது அதை முன்னின்று நடத்தியவர்களும் இவர்களே. கோதாவரி டெல்டாவை விட்டுவிட்டு மானாவாரி உழவர்களோடு வேலை செய்தவர்கள் என்பதால், தர்மபுரி, கிருஷ்ணகிரி, விருதுநகர், இராமநாதபுரம் போன்ற பகுதிகளில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் நேரடியாகப் பயன்படும். வகுப்பு எந்த மொழியில் நடக்கும் என்று மட்டும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

சான்றிதழ் வகுப்பின் உயிர் கடைசி மூன்று நான்கு நாள் வடிவமைப்புப் பயிற்சியில் இருக்கிறது. குழுவாகப் பிரிந்து ஓர் உண்மையான நிலத்தை அளந்து, காற்று, வெயில், தண்ணீர், நடமாட்டம் எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றி, எல்லோர் முன்னிலையிலும் விளக்க வேண்டும். பயிற்றுநர் அதைக் கேள்வி கேட்டுக் குடையும்போது கற்பது முந்தைய பத்து நாளில் கற்றதைவிட அதிகம். அந்த நாட்களைச் சுருக்கிவிட்டுச் சுற்றுலாவும் கலைநிகழ்ச்சியும் நிரப்பிய கால அட்டவணையைக் கண்டால் பணம் கட்ட வேண்டாம்.

குளிர்நாட்டிலிருந்து அப்படியே இறக்குமதியான உத்திகளும் இந்த வகுப்புகளில் அடிக்கடி வரும். மரக்கட்டையைப் புதைத்து அதன்மேல் மேடு எழுப்பும் பாத்தி ஐரோப்பாவில் பல ஆண்டு நிற்கும், நம் செம்மண்ணில் கறையான் முந்திக்கொள்ளும். கல்லடுக்கிச் சுருள் வடிவில் கட்டும் மூலிகைப் பாத்தி நம் வெயிலில் சூடேறி ஒரே நாளில் காயும், நமக்குத் தரைக்குக் கீழே பள்ளமான பாத்திதான் சரி. மாறாக, வாழைவட்டம் இங்கே அருமையாக வேலை செய்கிறது, கிணற்றடியில் வாழை வைத்த பழக்கத்தின் விரிவாக்கம்தானே அது. 2 மீட்டர் குறுக்களவில் 60 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, மண்ணைச் சுற்றிலும் கரையாகப் போட்டு, கரைமேல் நாலைந்து வாழைக்கன்று, இடையிடையே சேம்பும் பப்பாளியும் வைத்து, குழியைச் சருகாலும் மட்டையாலும் மேடு கட்டி நிரப்பிக் குளியலறைத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். சருகு இறங்க இறங்கப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குழியில் தண்ணீர் வெளியே தெரிந்தால் கொசு வரும். துணி துவைக்கும் சோப்பின் சோடியம் சேர்ந்தால் மண் இறுகும், அந்தத் தண்ணீரை இரண்டு மூன்று வட்டங்களுக்கு மாற்றி மாற்றி விடலாம்.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும், மூன்று நாள் போதாது என்பவர்களுக்கும் தன்னார்வலராகத் தங்கி வேலை செய்யும் வழி இருக்கிறது. 1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் என்ற ஏற்பாடு இந்தியாவிலும் உண்டு: நாளைக்கு நாலைந்து மணி நேர வேலை, பதிலுக்குச் சாப்பாடும் தங்குமிடமும். புதுச்சேரி அருகே ஆரோவில்லில் உள்ள சாதனா ஃபாரஸ்ட், நீண்ட நாள் தங்கும் தன்னார்வலர்களைக் கொண்டே ஒரு காட்டை மீட்டு வருகிறது. அவிராம், யோரித் ரோசின் இணையர் 2003இல் அரிப்பெடுத்த 70 ஏக்கர் செம்மண்ணில் தொடங்கினார்கள். வரப்பும் குழியும் போட்டு மழையைப் பிடித்து, இந்தக் கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களை நடுகிறார்கள். அரிப்பெடுத்த நிலம் வைத்திருப்பவருக்கு இது சிறந்த பள்ளி. மழையைப் பிடிக்கும் வேலையும் மரம் நடும் வேலையும் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதைக் கையால் வேலை செய்தே கற்கலாம். ஆனால் நெல், காய்கறி, கறவை மாடு எதிர்பார்த்துப் போக வேண்டாம். சாப்பாடு முழுக்க நனிசைவம், பாலும் தயிரும் கிடையாது. புகை, மது கூடாது. பல நாட்டவர் கூடும் இடம் என்பதால் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இத்தகைய இடங்களில் கவனித்துக் கற்க வேண்டியது உலர் கழிப்பறை. சாணத்துக்கும் மாட்டுக்கும் அலையும் நாம், வீட்டுக்குள்ளேயே இருக்கும் உரத்தைத் தண்ணீர் ஊற்றிக் கெடுக்கிறோம். இரண்டு அறை, மலம் தனி, சிறுநீர் தனி, கழுவும் தண்ணீர் தனி. வெளிநாட்டு வரைபடங்களில் இந்த மூன்றாவது இருக்காது, நமக்கு அது இல்லாமல் முடியாது. திருச்சி அருகே முசிறிப் பகுதியில் பொதுமக்களுக்காகக் கட்டிய கழிப்பறைகளில் கழுவும் தொட்டியைத் தனியே வைத்தார்கள், அந்த அமைப்பைத்தான் பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பலோ மரத்தூளோ போட வேண்டும். வாடை வருகிறது என்றால் உள்ளே ஈரம் போகிறது என்று பொருள், கழுவும் தண்ணீரோ சிறுநீரோ குழி மாறி விழுகிறது. நிரம்பிய அறையை மூடி ஓராண்டாவது விட்டு, மட்கியதை மரங்களுக்கு மட்டும் போட வேண்டும், கீரைப் பாத்திக்கு வேண்டாம். சிறுநீரைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து வாழைக்கு விடலாம். பண்ணையில் இந்தக் கழிப்பறையை வாடையில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்றால், மற்ற வேலைகளிலும் ஒழுங்கு இருக்கும் என்று நம்பலாம்.

ஆரோவில்லிலேயே சாலிட்யூட் பண்ணை வேறொரு பாடம் சொல்கிறது. கிருஷ்ணா மெக்கென்சி 1996இல் ஜப்பானின் இயற்கை உழவர் மசனோபு ஃபுகுவோகாவின் வழியில் தொடங்கியது. உழாமல், பலவகைப் பயிரையும் கலந்து வளர்த்து, விளைந்ததைப் பண்ணையிலேயே உள்ள உணவகத்தில் சமைக்கிறார்கள். பச்சைப் பப்பாளி, வாழைத்தண்டு, தானாக முளைத்த கீரைகள் என்று தட்டில் வருவதைப் பார்த்தால் ஒன்று புரியும்: தற்சார்பின் முதல் தடை வயலில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. எளிதாக விளைவதைச் சாப்பிடப் பழகாமல் கேரட்டும் முட்டைக்கோசும் கேட்டால் கடலோரச் செம்மண்ணில் எந்த முறையும் கைகொடுக்காது. கிருஷ்ணா தமிழ் பேசுவார், தயங்காமல் கேள்வி கேட்கலாம். வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்துப் போனால்தான் இந்தப் பயணத்தின் பயன் முழுதாகக் கிடைக்கும்.

விதைச் சேகரிப்பு வகுப்புகளைப் பற்றிக் கொஞ்சம். பண்ணையில் விதை கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ரகம் தூய்மையாக இருக்க என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை, தொல்லையில்லை. சுரை, பூசணி, பீர்க்கு ஒவ்வொன்றிலும் இரண்டு ரகம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தேனீ கலந்துவிடும். கையால் சேர்க்கத் தெரிந்தவர் பூ மலரும் நேரம் சொல்வார்: சுரைப்பூ அந்தியில் மலரும், பூசணிப்பூ விடியலில். பூசணி என்றால் முந்தின நாள் மாலையே மறுநாள் மலரப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவிட்டு, காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி பெண் பூவைக் கட்டி, காம்பில் அடையாளக் கயிறு கட்ட வேண்டும். அந்தக் காயை மட்டும் விதைக்கு முற்ற விட வேண்டும். இதைச் செய்து காட்ட வைகறையில் எழுப்பினால் அலுத்துக்கொள்ளாமல் எழுந்து போங்கள், வேறெங்கும் எளிதில் கிடைக்காத பாடம்.

தேனீ, கோழி, மண்வீடு, சோப்பு என்று பட்டியலை நீட்டும் ஒரு நாள் பயிற்சிகள் அறிமுகத்துக்குச் சரி, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். தேனீப் பெட்டியை ஒரு பருவம் முழுக்கத் திறந்து பார்த்தவரோடு இருந்தால்தான் அது வசப்படும்.

தங்குமிடத்தில் சொகுசு குறைவு என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், பாதுகாப்புக் குறைவைப் பொறுக்கக் கூடாது. மூடாக்கு இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல சமயம் கடித்ததே தெரியாது. கட்டில் இருக்கிறதா, பாயின் அடியில் செருகிக்கொள்ளும்படி கொசுவலை இருக்கிறதா, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், இரவில் வண்டி உண்டா என்று கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம். டார்ச், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் நீங்களே கொண்டுபோங்கள்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை இன்னும் சில. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? பதினைந்துக்கு மேல் என்றால் மண்வெட்டி உங்கள் கைக்கு வராது. பண்ணையின் வருமானம் விளைச்சலிலிருந்தா, பயிற்சிக் கட்டணத்திலிருந்தா? கட்டணம் வாங்குவதில் தவறே இல்லை, ஆனால் விளைச்சலில் பிழைக்கும் பண்ணையால்தான் செலவுக் கணக்கைக் காட்ட முடியும். தோற்றுப்போன பயிர், செத்துப்போன மரம், உடைந்த கரை எதையாவது காட்டுவார்களா? கேட்டவுடன் கூட்டிப்போய்க் காட்டுகிறவர்களிடம் சேருங்கள். பயிற்சி முடிந்து முதல் மழையில் உங்கள் கரை உடைந்தால் கூப்பிட்டுக் கேட்கலாமா? தன்னார்வலராகப் போனால் வேலை நேரம் எவ்வளவு, கற்பிக்கும் நேரம் எவ்வளவு? நாள் முழுக்கக் களை பறிக்க விட்டுவிட்டு எதையும் விளக்காத இடத்தில் நீங்கள் கூலியில்லா ஆள் மட்டுமே.

புதிதாக நிலம் வாங்கியவர் ஒரே பயிற்சிக்குத்தான் காசு ஒதுக்க முடியும் என்றால் எங்கள் பரிந்துரை இது: வைகாசி, ஆனியில் உங்கள் மண்ணை ஒத்த பண்ணையில் தமிழில் நடக்கும் மூன்று நாள் பயிற்சி ஒன்று போதும். சான்றிதழ் வகுப்பை ஒரு மழைக்காலம் உங்கள் நிலத்தில் கழித்தபின் யோசிக்கலாம், அப்போதுதான் கேட்கக் கேள்விகள் இருக்கும். மிச்சமாகும் பணத்தில் ஆடி மாதம் ஏ சட்டம் வைத்துக் கோடு பிடித்து, ஆள் வைத்து முதல் 50 மீட்டர் வாய்க்காலை வெட்டி, ஆவணிக்குள் கலிங்குக்குக் கல் பதித்துவிடுங்கள். கரைமேல் வைக்க வேண்டிய அகத்தியையும் தழையுர மரமான கிளைரிசிடியாவையும் முதல் நல்ல மழைக்குப் பிறகு ஊன்றினால் போதும்.